யாரால் என்று கேள்

சித்தப்பா தோல் ஷாப்பில், அதாவது தோல் பதனிடுகிற ஆலையில், ஆபீஸ் கிளார்க். அப்பாவுக்கு அதே தோல் ஷாப்பில் சுண்ணாம்புக் குழியில் வேலை. ஆபீசுக்கும் குழிக்கும் நடுவில் ஒரு சுவர்தான். பி.யு.சி. படித்ததால் சித்தப்பா அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் போனார். எங்கள் சேரியில் அந்தக் காலத்தில் அவ்வளவு தூரம் படித்தவர் வேறு யாரும் இல்லை. இத்தாலிக்கும் ஜெர்மனிக்கும் போகிற கடிதங்களை அவர்தான் டைப் அடிப்பார். என்ன தோல், எத்தனை சதுர அடி, எந்தக் கப்பலில் போகிறது என்று எல்லாமே இங்கிலீஷில். ஆபீசுக்கு வருகிற இங்கிலீஷ் பேப்பரை முதலாளி படித்து, மேனேஜர் படித்து, கணக்குப்பிள்ளை புரட்டிய பிறகு அது சித்தப்பாவின் கக்கத்தில் சுருண்டு வீட்டுக்கு வரும். விளக்கு வைத்ததும் திண்ணையில் அதை விரிப்பார். தெருப் பிள்ளைகள் சுற்றி உட்காருவோம்.

அவருடைய பாடத்தில் இலக்கண அட்டவணை கிடையாது. ஒரு நாளைக்கு ஒரு பெயரடை. பேப்பரில் ஏதாவது ஒரு பெயரடைக்குக் கீழே பென்சிலால் கோடு போட்டுக்கொண்டு வருவார். அதை வைத்து ஆளுக்கொரு வாக்கியம் சொல்ல வேண்டும். அந்த வாக்கியத்தில் வருகிற பொருள் எங்கள் ஊரில் இருக்க வேண்டும். யாராவது பாடப் புத்தகத்தில் படித்த பனிமலையையும் ராஜகுமாரியையும் இழுத்து வந்தால் ஒத்துக்கொள்ள மாட்டார்.

"பனிய நீ பார்த்துக்கீறியா? பார்க்கல இல்ல? பார்த்தத சொல்லு."

ஏன் பெயரடையை மட்டும் சொல்லித்தருகிறார் என்று பெரிய பையன் ஒருவன் கேட்டான். "பேரு, வினை எல்லாம் ஸ்கூல்ல சொல்லித் தருவாங்க. ஆனா ஒருத்தன ஒசத்தறதும் தாழ்த்தறதும் பேருக்கு முன்னாடி ஒட்டுற சொல்லுதான். அத யாரு ஒட்டுறாங்கன்னு உங்களுக்குத் தெரியணும்" என்றார். அன்று எங்களுக்கு அது முழுதாக விளங்கவில்லை.

எங்கள் ஊர் ஆம்பூருக்கும் வாணியம்பாடிக்கும் நடுவில், பாலாற்றங்கரையில். கர்நாடகத்தில் நந்தி மலைப் பக்கம் பிறக்கிற பாலாறு, ஆந்திரத்தில் கொஞ்ச தூரம் ஓடி, வாணியம்பாடிக்கு மேற்கே தமிழ்நாட்டுக்குள் வருகிறது. வருஷத்தில் பாதிக்கு மேல் அதில் தண்ணீர் ஓடாது. அகலமான மணல்வெளியாகக் கிடக்கும். ஆனால் மணலுக்கு அடியில் தண்ணீர் போய்க்கொண்டே இருக்கும். முழங்கை ஆழம் தோண்டினாலே ஊறும். அந்தக் காலத்தில் ஆற்றில் ஊற்றுக்கால் வெட்டித்தான் இருகரை வயல்களுக்கும் பாய்ச்சினார்கள் என்று ஆயா சொல்லும். கொட்டாங்குச்சியால் மணலைச் சுரண்டி ஊற்றுத் தோண்டி, கலங்கலை இறைத்து விட்டுவிட்டு, தெளிந்த பிறகு குடத்தில் மொண்டு தூக்கிவந்தது ஆயாவின் இளமைக் காலம். "சர்க்கரைத் தண்ணி கண்ணு" என்று சொல்லும்போது அதன் முகம் மலரும்.

நான் அந்தத் தண்ணீரைக் குடித்ததில்லை. நான் நினைவறிந்தபோதே சேரிக் கிணற்றில் உப்பு ஏறியிருந்தது. பருப்பு வேகாது. சோறு மஞ்சளாக வடியும். சோப்புப் போட்டால் நுரைக்காது. ஆற்றோரத் தென்னைகளில் காய் சிறுத்து, இளநீர் கரித்தது. கோடையில் நிலத்தின் மேல் வெள்ளையாகப் பூத்து நிற்கும். விதைத்த நெல் முளைத்துப் பச்சை காட்டி, கதிர் பிடிக்காமல் காய்ந்துபோகும். மழைக்காலத்தில் ஆறு ஓடினால் ராத்திரியோடு ராத்திரியாகத் தேக்கி வைத்த கழிவைத் திறந்துவிடுவார்கள். விடிந்தால் ஆற்றின் மேல் நுரை மிதக்கும்.

சென்னையிலிருந்து பெங்களூர் போகிற ரயில் எங்கள் ஊர் வழியாகத்தான் போகும். தண்டவாளத்துக்குப் பக்கத்தில் நின்று நாங்கள் கையாட்டுவோம். சில பிள்ளைகள் திருப்பி ஆட்டும். பெரியவர்கள் கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டு ஜன்னலை இறக்குவார்கள். பெட்டிக்குப் பெட்டி அதே அசைவு தொடர்ந்து போவதைப் பார்த்துக்கொண்டு நிற்போம். பச்சைத் தோல் ஊறுகிற நாற்றம் எங்களுக்குத் தெரியாது. பிறந்ததிலிருந்து அதில்தான் மூச்சுவிட்டோம்.

சித்தப்பா கோடு போட்டுக்கொண்டு வந்த பெயரடைகளில் என் வாழ்நாள் முழுக்க என்னோடு வந்தது 'டெயின்டட்'. 1988, சியோல் ஒலிம்பிக்ஸ் நடந்த சமயம். கனடாக்காரர் பென் ஜான்சன் நூறு மீட்டரை 9.79 விநாடியில் ஓடித் தங்கம் வாங்கினார். சில நாட்களிலேயே ஊக்க மருந்து சாப்பிட்டிருந்தார் என்று கண்டுபிடித்துப் பதக்கத்தைப் பிடுங்கிவிட்டார்கள். பேப்பரின் விளையாட்டுப் பக்கத்தில் அந்த வெற்றிக்கு முன்னால் இந்தச் சொல் நின்றது.

"அழுக்குக்கு டர்ட்டின்னு ஒரு சொல்லு கீது. டர்ட்டின்னா கழுவிடலாம். ஸ்பாயில்ட்னா கெட்டே போச்சு, தூக்கிக் கடாசு. இது ரெண்டும் இல்ல" என்று தொடங்கினார். நல்லதாகவே இருந்த ஒன்றுக்குள் ஆகாதது ஒன்று இறங்கிவிடுகிறது. இறங்கியது கொஞ்சமாக இருக்கலாம், கண்ணுக்குத் தெரியாமலும் இருக்கலாம். ஆனால் முழுதும் அதன் சாயல் பரவிவிடுகிறது. அந்த நிலைக்குத்தான் இங்கிலீஷ்காரன் இந்தச் சொல்லை வைத்திருக்கிறான் என்றார். கெட்டுப்போகத் தொடங்கிய இறைச்சிக்குச் சொல்லலாம். கலப்படம் ஆன பாலுக்கும் மருந்துக்கும் சொல்லலாம். வஞ்சகத்தால் கிடைத்த வெற்றிக்கும், மிரட்டி வாங்கிய சாட்சிக்கும், பேர் கெட்ட கட்சிக்கும் சொல்லலாம். பணத்துக்கும் சொல்லலாம். அமெரிக்காவில் 1905-ல் எண்ணெய் முதலாளி ராக்ஃபெல்லர் கிறிஸ்தவ மிஷன் ஒன்றுக்கு ஒரு லட்சம் டாலர் கொடுத்தபோது, வாஷிங்டன் கிளாடன் என்ற பாதிரியார் அது கறைபட்ட பணம், வாங்கக்கூடாது என்று எதிர்த்து நின்றார். ஆகாதவர்களோடு சேர்ந்திருந்ததாலேயே ஒருவர் பேர் கெட்டால் அதற்கும் இதே சொல்தான்.

பிள்ளைகள் வாக்கியம் சொன்னார்கள். ஒருவன் சத்துணவுச் சோற்றைச் சொன்னான். ஒருத்தி பால்காரரின் பாலைச் சொன்னாள். என் முறை வந்தது. எனக்கு அப்போது நாலாம் வகுப்பு இங்கிலீஷ்தான். தெரிந்த மூன்று சொல்லோடு இந்தப் புதுச் சொல்லைச் சேர்த்தேன். "அவர் வெல் இஸ் டெயின்டட்."

சித்தப்பா பென்சிலைக் கீழே வைத்தார். "சரியாத்தான் சொன்ன. இன்னும் கொஞ்சம் பாக்கி கீது. சொல்லு, பை ஹூம்? யாரால?"

எனக்குத் தெரியவில்லை. அவர் அந்தச் சொல்லின் கடைசி எழுத்துகளைப் பென்சிலால் வட்டமிட்டுக் காட்டினார். "இந்த வால் இருந்தா அது தானா வந்த நெலம இல்ல. யாரோ செஞ்ச வேல. செஞ்சவன சொல்லாம விட்டுட்டாலும் இங்கிலீஷ்ல வாக்கியம் நிக்கும். அதனாலதான் பெரிய மனுஷங்களுக்கு இந்த மாதிரி வாக்கியம் ரொம்பப் பிடிக்கும். நீ மட்டும் விடாத. இந்தச் சொல்ல எங்க பார்த்தாலும் யாரால, யாராலன்னு கேளு."

அப்பா வாசலில் உட்கார்ந்து தேங்காய் எண்ணெய் தடவி விரல்களை நீவிக்கொண்டிருந்தார். "கெணறு கெட்டுப்போச்சுன்னுதானடா நம்ம ஜனங்க எல்லாரும் சொல்லுது" என்றார். சித்தப்பா திரும்பி, "அதாண்ணா தப்பு. தண்ணி தானா கெடுமா? தமிழ்லயே தன்வினை, பிறவினைன்னு பிரிச்சு வச்சிருக்காங்க. கெட்டுதுன்னு சொன்னா கெணத்து மேல பழி. கெடுத்தாங்கன்னு சொன்னாத்தான் ஆளு வெளியில வருவான்" என்றார். அப்பா பதில் சொல்லவில்லை. கெடுத்தவர் யார் என்று அப்பாவுக்குத் தெரியும். வாரக் கூலியை அவரிடமிருந்துதான் வாங்கிவருகிறார்.

அப்பாவின் வேலையைப் பக்கத்தில் நின்று பார்க்கிற வாய்ப்பு எனக்குச் சோறு கொண்டுபோன நாட்களில் கிடைத்தது. ஆட்டுத் தோலும் மாட்டுத் தோலும் உப்புப் போட்டு மடித்து லாரியில் வந்து இறங்கும். அழுகாமல் இருக்கத்தான் அந்த உப்பு. பெண்கள் உட்கார்ந்து தோலை உதறுவார்கள். உதறாமல் ஒட்டியிருந்த உப்பெல்லாம் ஊறவைக்கிற தொட்டியில் கரைந்து கால்வாய்க்குப் போகும். அங்கிருந்து தோல் சுண்ணாம்புக் குழிக்கு வரும். மயிர் கழலுவதற்காகச் சுண்ணாம்போடு சல்பைடும் கலந்திருப்பார்கள். அப்பா குழியின் விளிம்பில் நின்று கொக்கியால் இழுத்து இழுத்துத் தோலைப் புரட்டிப்போடுவார். கையுறை கிடையாது. நகக்கண்கள் அரித்து ஓட்டை ஓட்டையாக இருக்கும். பிறகு மயிரும் சதையும் வழித்து எடுத்துப் பெரிய மர டிரம்மில் போட்டுச் சுற்றுவார்கள். டிரம்மிலிருந்து வெளுத்த நீல நிறத்தில் வரும் தோலை 'வெட் ப்ளூ' என்பார்கள். குரோமியம் கொடுத்த நிறம் அது.

தாத்தா காலத்தில் குரோமியம் இல்லை. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டு வாரக் கணக்கில் ஊறவைத்துப் பதப்படுத்துவார்கள். அதற்கு இ.ஐ. தோல் என்று பேர், ஈஸ்ட் இந்தியா என்பதன் சுருக்கம். 1970-களில் அரைப் பதமாக முடித்த தோலை வெளிநாட்டுக்கு அனுப்ப அரசாங்கம் கட்டுப்பாடு வைத்தது. முழுதாக முடித்த தோலும் செருப்பும் ஷூவும் ஏற்றுமதியானால் நாட்டுக்கு அதிக வருமானம் என்பது கணக்கு. பட்டைக்கு வாரங்கள் ஆகிற வேலை குரோமியத்தில் ஒரு நாளில் முடிந்தது. டிரம்கள் பெருகின, தோல் ஷாப்புகள் பெருகின, ஆழ்துளைக் கிணறுகள் இறங்கின. எடுத்த நல்ல தண்ணீர் எல்லாம் கழிவாகித் திறந்த கால்வாயில் ஓடி ஆற்றுக்கும் ஏரிக்கும் வயலுக்கும் போனது. மணலுக்கடியில் ஓடிய சர்க்கரைத் தண்ணீருக்குள் இறங்கியது அதுதான்.

தண்ணீரைத் தொட்ட அதே சொல் என்னையும் தொட்ட நாள் ஒன்று உண்டு. ஆறாம் வகுப்புக்கு டவுன் பள்ளிக்கூடத்தில் சேர்ந்திருந்தேன். வகுப்புத் தோழி ஒருத்தியின் வீட்டுக்குக் கணக்கு நோட்டு வாங்கப் போனேன். வெயில். தண்ணீர் கேட்டேன். அவளுடைய அம்மா நல்லவிதமாகத்தான் பேசினார். எந்தத் தெரு, அப்பாவுக்கு என்ன வேலை என்று கேட்டார். சொன்னேன். உள்ளே போய்ச் சொம்பு கொண்டுவந்து, "கையேந்தும்மா" என்று உயரத் தூக்கி ஊற்றினார். சொம்பு என் கையில் பட்டுவிடக்கூடாது என்பதில் அவ்வளவு கவனம். குனிந்து குடித்தபோது வாசலில் கழற்றிப் போட்டிருந்த செருப்புகள் கண்ணில் பட்டன. நல்ல கிரோம் தோல், மெருகு கலையாதது. குழியில் கிடந்து நாறியபோது என் அப்பா தொட்டது அதே மாதிரித் தோலைத்தான். அது செருப்பாகி, விலை போட்டு, கண்ணாடிப் பெட்டியில் ஏறியதும் சுத்தமாகிவிட்டது. அதைச் சுத்தமாக்கிக் கொடுத்த கைதான் இன்னும் ஆகாத கையாக இருந்தது.

அன்று ராத்திரி திண்ணையில் எல்லோரும் போன பிறகு சித்தப்பாவிடம் கேட்டேன். "நம்ம டெயின்டட்டா சித்தப்பா?"

அவர் முகம் சிவந்ததை விளக்கு வெளிச்சத்திலும் பார்த்தேன். கோபம் என் மேல் இல்லை. "கெணத்துக்குள்ள உப்பு எறங்கிச்சு, குரோமியம் எறங்கிச்சு. சோதிச்சா தெரியும். உனக்குள்ள இன்னா எறங்கிச்சு? ஒண்ணும் இல்ல. ஒண்ணுமே எறங்காத எடத்துல இந்தச் சொல்ல ஒருத்தன் ஒட்டுறான்னா அது பொய்யி. பெயரடை பொய் சொல்லும் கண்ணு. அப்பவும் கேள்வி அதேதான். யாரால? ஒட்டுனவன் யாரு? அதனால அவனுக்கு இன்னா ஆதாயம்?"

இரண்டு வருஷம் கழித்து நான் வயதுக்கு வந்தேன். கொல்லையில் பச்சை ஓலை கட்டி உட்காரவைத்தார்கள். தனித் தட்டு, தனி டம்ளர், தனிப் பாய். திண்ணைப் பாடத்துக்குப் போக முடியவில்லை. சித்தப்பா பேப்பரை எடுத்துக்கொண்டு கொல்லைக்கே வந்துவிட்டார். "தள்ளி நில்லுடா, தீட்டு" என்று ஆயா சத்தம் போட்டது. அவர் ஓலைக்கு வெளியே ஒரு கல்லைப் புரட்டிப்போட்டு உட்கார்ந்தார். "எம்மா, இன்னிக்குப் பாடமே அதான்" என்றார்.

டவுன் நூலகத்தில் தடித்த இங்கிலீஷ் அகராதி ஒன்றைப் பார்த்துக் குறித்துக்கொண்டு வந்திருந்தார். அந்தச் சொல்லுக்கு இரண்டு ஊற்றுகள். இரண்டும் லத்தீனில் கிளம்பி பிரெஞ்சு வழியாக வந்தவை. ஒன்றின் பொருள் சாயம் தோய்ப்பது. மற்றொன்றின் பொருள் தொடுவது. இரண்டும் இங்கிலீஷில் வந்து ஒன்றாகக் கலந்துவிட்டன. படித்ததும் ஆயா சொல்லிக்கொண்டிருக்கும் சொல்தான் தன் நினைவுக்கு வந்தது என்றார். தீண்டு என்பதிலிருந்து தீட்டு. தொட்டதால் வருவது. வண்ணம் பூசிப் படம் எழுதுவதையும் தீட்டுவது என்றுதான் சொல்கிறோம். கடல் கடந்து வேறு வேறு ஜனங்கள், ஒருவரை ஒருவர் கேட்காமலே, தொடுவதையும் நிறம் ஏறுவதையும் அவமானத்தோடு முடிந்து வைத்திருக்கிறார்கள்.

அதோடு நிறுத்தவில்லை. தொடுவது என்ற அந்த ஊற்றிலிருந்து இங்கிலாந்தில் ஒரு சட்டத்துக்கே பேர் வந்திருந்தது. ராஜத் துரோகக் குற்றத்தில் தண்டனை விழுந்தால் அவனுடைய ரத்தமே கெட்டதாகக் கணக்கு. பிள்ளைகள் அவன் வழியாகச் சொத்துக்கு வாரிசாக முடியாது. அப்பன் செய்ததற்குப் பிள்ளையின் ரத்தத்தில் கறை. அமெரிக்கா தன் அரசியல் சட்டத்திலேயே அப்படிக் குடும்பத்தின் ரத்தத்தைக் குற்றவாளி ஆக்கக்கூடாது என்று எழுதிவைத்தது. இங்கிலாந்தில் 1870-ல் ஒரு சட்டம் போட்டுத்தான் அதை ஒழித்தார்கள். "எழுதி வச்சது மனுஷன். அழிச்சதும் மனுஷன்தான். பொறப்புல கறைன்னு எந்த ஊர்ல எவன் சொன்னாலும் இத நெனச்சுக்கோ" என்றார். ஆயா முறத்தோடு அங்கேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தது. அன்று சாயங்காலம் வீட்டு டம்ளரில் டீ கொண்டுவந்து என் கையில் கொடுத்தது. வாயால் ஒன்றும் சொல்லவில்லை.

நான் பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தபோது, 1996 ஆகஸ்ட் கடைசியில், சித்தப்பா ஒருநாள் வேலை முடிவதற்கு முன்பே ஓடிவந்தார். வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991-ல் உச்ச நீதிமன்றத்தில் போட்ட பொதுநல வழக்கில் ஆகஸ்ட் 28-ஆம் தேதி தீர்ப்பு வந்திருந்தது. வழக்குக்காக வாதாடியவர் எம்.சி. மேத்தா. தீர்ப்பு எழுதியவர் நீதிபதி குல்தீப் சிங். தெருவே திண்ணையில் கூடியது. சித்தப்பா இங்கிலீஷில் ஒரு வரி படித்துத் தமிழில் ஒரு வரி சொன்னார்.

ஐந்து மாவட்டங்களில் தொள்ளாயிரத்துக்கு மேல் தோல் பதனிடும் ஆலைகள். ஒரு கிலோ தோலை முடிக்கச் சுமார் 35 லிட்டர் தண்ணீர். குரோமியப் பதத்துக்கு 170 வகை வரை ரசாயனங்கள். வேலூரில் இருந்த வேளாண் பல்கலைக்கழக ஆராய்ச்சி மையத்தின் கணக்குப்படி, கிட்டத்தட்ட 35,000 ஹெக்டேர் நிலம் பகுதியாகவோ முழுதாகவோ பயிர் வைக்க லாயக்கில்லாமல் போனது. கேட்டுக்கொண்டிருந்த ஒவ்வொருவரும் தங்கள் துண்டு நிலத்தையும் தென்னையையும் அந்த எண்ணுக்குள் தேடினார்கள். நாங்கள் வருஷக்கணக்காகச் சொல்லிச் சொல்லி யார் காதிலும் ஏறாதது அங்கே எண்ணாக அச்சாகியிருந்தது.

அதன்பின் சித்தப்பா காத்திருந்த இடம் வந்தது. கெடுத்தவரே ஈடு கொடுக்க வேண்டும் என்பது இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று நீதிமன்றம் சொல்லியிருந்தது. பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடும், நிலத்தையும் நீரையும் பழைய நிலைக்குக் கொண்டுவருகிற செலவும், இரண்டும் கெடுத்தவர் தலையில். அதைக் கணக்கிட்டு வசூலிக்கத் தனி அதிகார அமைப்பு. ஒவ்வோர் ஆலைக்கும் பத்தாயிரம் ரூபாய் அபராதம். சுத்திகரிப்பு ஏற்பாடு செய்யாத ஆலைகளை மூட உத்தரவு. இந்த வழக்குகளைத் தொடர்ந்து கவனிக்கச் சென்னை உயர் நீதிமன்றத்தில் தனி அமர்வு. "பார்த்தியா, பை ஹூம்னு கோர்ட்டே கேட்டுடுச்சு" என்று என் பக்கம் திரும்பிச் சொன்னபோது சித்தப்பாவின் குரல் உடைந்தது.

அப்பா எழுந்து தெருவோரம் போய் நின்றார். பின்னாலேயே போனேன். "தொழில மூடுனா வயித்துக்கு இல்ல. மூடாட்டி கெணத்துக்கு இல்ல. நாம எந்தப் பக்கம் கண்ணு நிக்கறது?" என்றார். அவர் கேட்டது நியாயம். அந்த வருஷம் ஆலைகள் மூடிக்கிடந்த நாட்களில் எங்கள் அடுப்பும் பல வேளை மூடிக்கிடந்தது. கழிவைத் திறந்துவிடச் சொன்னவர் அப்பா இல்லை. சுத்திகரிப்புக்குச் செலவழிக்காமல் மிச்சம் பிடித்த பணத்தில் அவருக்குப் பங்கும் இல்லை. அந்தத் தண்ணீரைக் குடித்தவர் அவர். அந்த நாற்றத்துக்காக ஒதுக்கப்பட்டவரும் அவர். ஆலை மூடினால் கூலி போவதும் அவருக்குத்தான். கறை ஒருவரிடமிருந்து புறப்பட்டு இன்னொருவர் மேல் போய்ப் படிவதை என் அப்பாவின் உடம்பில்தான் நான் முதலில் பார்த்தேன்.

நான் ஆங்கில ஆசிரியை ஆனேன். 2004-ல் மத்திய மந்திரிகள் சிலர் மேல் வழக்குகள் இருந்ததை வைத்து நாடாளுமன்றத்தில் அமளி நடந்தபோது, இங்கிலீஷ் பேப்பர்களில் தினமும் அந்தப் பெயரடை மந்திரி என்ற சொல்லுக்கு முன்னால் வந்தது. தமிழ்ப் பேப்பர்களும் கறைபடிந்த அமைச்சர்கள் என்று எழுதின. நம் நாட்டு இங்கிலீஷில் இன்று அந்தச் சொல்லை அதிகமாகப் பார்ப்பது அரசியல் செய்தியில்தான். என் மாணவர்களுக்கும் அது அப்படித்தான் அறிமுகமாகியிருக்கிறது. அதிகாரத்தில் இருப்பவர் மேல் அந்தச் சொல் விழும்போது, அவரே செய்தார் என்பது குற்றச்சாட்டு. அவர் பதில் சொல்ல வழக்கறிஞர் உண்டு, மேடை உண்டு, அடுத்த தேர்தல் உண்டு. கிணற்றின் மேல் விழும்போது, வேறொருவர் செய்ததைக் கிணறு சுமக்கிறது. பிறப்பின் மேலும், மாதவிலக்கின் மேலும், தோல் புரட்டுகிற கையின் மேலும் விழும்போது, யாரும் எதுவும் செய்யவே இல்லை. மூன்றுக்கும் எழுத்து ஒன்று, ஒலி ஒன்று. மூன்றையும் பிரித்துக் காட்ட அகராதியால் முடியாது. யாரால் என்று கேட்கிறபோதுதான் பிரியும். அதனால் அந்தச் சொல்லைக் கற்றுத்தருகிற வகுப்பில் பொருளை எழுதிப்போட்டுவிட்டு நான் நகர்வதில்லை. ஒவ்வொரு வாக்கியத்தையும் மூன்றில் எதில் சேர்ப்பது என்று பிள்ளைகளே வாதாட வேண்டும். பள்ளிக்கூடத்தில் அதைவிடச் சத்தமான வகுப்பு எனக்கு வாய்த்ததில்லை.

ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் கூட்டுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன. ஆனால் மண்ணுக்குள் இறங்கிய உப்பு வெளியே வரவில்லை. இழப்பீட்டு விவகாரம் மறுபடி நீதிமன்றங்களைச் சுற்றியது. சித்தப்பா காத்திருந்து, பார்க்காமலே போய்விட்டார். 2025 ஜனவரி 30-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் மீண்டும் ஒரு தீர்ப்புச் சொன்னது. நீதிபதிகள் பர்திவாலாவும் மகாதேவனும் இருந்த அமர்வு கொடுத்தது. இன்னும் இழப்பீடு கிடைக்காதவர்களுக்கு அரசு கொடுத்துவிட்டு, அந்தப் பணத்தைக் கெடுத்தவர்களிடம் வசூலிக்க வேண்டும் என்றது. ஒருமுறை பணம் கட்டியதோடு பொறுப்பு முடியாது, செய்த கேடு முற்றும் சரியாகிறவரை தொடரும் என்றும் சொன்னது.

அந்தக் கடைசி வாசகத்தை என் வகுப்பில் கரும்பலகையில் தமிழில் எழுதி விளக்கினேன். பாலாறு கெட்டுப்போன ஆறு என்று இனி யாரும் என் வகுப்பில் எழுதுவதில்லை. கெடுக்கப்பட்ட ஆறு என்று எழுதுகிறார்கள், அடுத்த வரியிலேயே கெடுத்தவர் யார், தர வேண்டியது எவ்வளவு, தந்தது எவ்வளவு என்று கேட்கிறார்கள். பாலாற்றங்கரைப் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் எதற்கு என்று என்னிடம் கேட்பவர்கள் உண்டு. இதற்குத்தான். தங்கள் மேல் எந்தச் சொல் ஒட்டப்பட்டது, ஒட்டியவர் யார் என்று எந்த மொழியில் எழுதியிருந்தாலும் படித்துத் தெரிந்துகொள்ளவும், தெரிந்ததைக் கொண்டு தங்களுக்கு வரவேண்டியதைக் கேட்டு வாங்கவும்தான்.